'புரிஞ்சுது' என்ற சொல்லின் உயரம்

பஸ் டிரைவரின் மகன் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கத் தொடங்கியது, பள்ளியில் மாறுதிசை மின்னோட்டம் நடத்திய வாரத்தில். அதற்கு முன்பும் அவன் கால் முழுசாகத் தரையில் பட்டதில்லை என்று தெருமுனையில் செருப்பு தைப்பவர் பிற்பாடு சொன்னார். ஊர்ப் பிள்ளைகளின் காலணிகள் எல்லாம் அடி தேய்ந்து அவரிடம் வந்துபோகும். இவனுடையது மட்டும் மேலே கிழிந்து வரும், அடியில் புதுசாகவே இருக்கும். நூலிழை உயரத்தில் நடப்பதை யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்? ஒரு சாண் ஆனபோதுதான் பேச்சு கிளம்பியது. சமநிலை கெட்டிருக்குமோ என்று மருத்துவர் காதைச் சோதித்துவிட்டு, காதில் ஒரு குறையுமில்லை என்றார். உடற்பயிற்சி ஆசிரியர் உயரம் தாண்டும் போட்டியிலிருந்து அவன் பெயரை நீக்கினார், அது மற்றவர்களுக்கு அநியாயம் என்று. அவன் அம்மா கால்சட்டை மடிப்புக்குள் இரும்பு நட்டுகளை வைத்துத் தைத்தாள். அவன் நட்டுகளோடு சேர்த்து அதே ஒரு சாண் உயரத்தில் நின்றான், நடக்கும்போது சலங்கை மாதிரி சத்தம் வந்ததுதான் மிச்சம்.

ஊர் அதை இரண்டு நாள் பேசியது, பிறகு வேலையைப் பார்த்தது. கவலைப்பட்டவள் ஒருத்தி உண்டு. சாவிக்காரர் மகள். அப்பா கடைத்தெருவில் ஒரு பெட்டிக்கடை அளவு இடத்தில் சாவி போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார், மகள் பள்ளியில் எல்லாக் கணக்கையும் கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய கவலைக்குக் காரணம் இருந்தது. அந்த வருஷம் பள்ளியின் பெரிய மண்டபத்துக்குக் கூரை பிரித்து வேலை நடந்ததால், பொதுத்தேர்வைத் திறந்த மைதானத்தில் வைக்கப்போவதாக அறிவித்திருந்தார்கள். வாரத்துக்கு வாரம் இவன் ஏறிக்கொண்டே இருந்தான். வீட்டிலும் வகுப்பிலும் மேலே போனால் உத்தரம் தடுக்கும், மைதானத்தில் எது தடுக்கும்? கேள்வித்தாளைக் கையில் வாங்கியவன் அப்படியே போய்விட்டால் யார் போய்க் கூட்டிவருவது? அவனை இழந்துவிடுவோமோ என்று அவள் பயந்தாள். அந்தப் பயம் நட்பினால் வந்ததா வேறு எதனால் வந்ததா என்று அவள் ஆராயவில்லை. அது மட்டும் அவளுக்குப் போடத் தெரியாத கணக்கு.

அவர்கள் நாலு பேர் சேர்ந்து படித்த இடம் சலவைக் கடையின் மாடி அறை. கீழே இஸ்திரி மேசைகளும் வெந்நீர்த் தொட்டிகளும் இருந்ததால் அறையின் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், பலகை இடுக்கு வழியாக ஆவி வரும், சாயங்கால வெயிலில் அந்த ஆவி பால் நிறத்தில் தொங்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் சில சமயம் தெரியும், சில சமயம் குரல் மட்டும் வரும். சலவைக்காரர் மகளுக்கு வேதியியல் கைவந்த கலை. எந்தக் கறைக்கு எது போடவேண்டும் என்று பார்த்துப் பார்த்து வளர்ந்தவள். இயற்பியலுக்கு ஒருவன் இருந்தான், எந்நேரமும் இருமுவதால் இருமல் என்றே பெயர். கணக்கு, சந்தேகமில்லாமல், சாவிக்காரர் மகள். நாலாவது ஆள் டிரைவர் மகன். அவனுக்கென்று ஒரு பாடம் கிடையாது. அவன் கேட்டுக்கொள்பவன். தலையாட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதால் தலையாட்டி என்று கூப்பிட்டார்கள், அவனும் அதற்குத் தலையாட்டினான்.

அந்த அறையில் ஒரு சட்டம் இருந்தது. ஒருவர் ஒரு கணக்கை விளக்கி முடித்ததும் பேனாவால் மேசையைத் தட்டி "புரிஞ்சுதா?" என்று கேட்கவேண்டும், மற்ற எல்லாரும் "புரிஞ்சுது" என்று சொன்னால்தான் அடுத்த கணக்குக்குப் போகலாம். யாரையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான். ஆனால் சாவிக்காரர் மகள் பேனாவைத் தட்டும் விதம் ஒன்று இருந்தது. டக் டக் டக் என்று, கதவைத் திறக்காவிட்டால் உடைத்துவிடுவேன் என்பதுபோல. அவள் கோபக்காரி இல்லை, அவசரக்காரி. அந்தத் தட்டலுக்கு முன்னால் வாயைத் திறந்து 'புரியல' என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். மற்ற இருவரும் ஆளுக்குப் பாதி புரிந்ததை வைத்து ஒப்பேற்றினார்கள். தலையாட்டி முழுசாக ஒப்பேற்றினான்.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் சலவைக்காரர் மகள். துணி உலர்த்தும் கொடிக்கு நேராக அவன் தலை இருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒரு நாள் எல்லாரையும் கையமர்த்திவிட்டு அவனிடம் சோதனை நடத்தினாள். உங்கப்பா பஸ் ஓட்டுகிறார், புரிஞ்சுதா என்றாள். புரிஞ்சுது என்றான், ஒன்றும் ஆகவில்லை. ஒரு மோல் கார்பனில் எத்தனை அணு இருக்கிறது என்று சொல்லி, புரிஞ்சுதா என்றாள். புரிஞ்சுது என்றான். ஒரு விரல் மேலே போனான். அறையே வாயைப் பிளந்தது. இருமல் கூட இருமவில்லை.

"டேய், உனக்கு எதுதான்டா புரியல?" என்றாள் சாவிக்காரர் மகள்.

அவன் தன் காலுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தான். "எல்லாமேதான்."

"எப்பலேர்ந்து?"

"பின்னத்துலேர்ந்து."

பின்னம் என்றால் அவர்கள் அரை டிராயர் போட்டிருந்த காலம். அத்தனை வருஷமும் இவன் ஒரு வார்த்தையின் மேல் ஏறி நின்றுகொண்டு வந்திருக்கிறான். சாவிக்காரர் மகளுக்கு முதலில் எரிச்சல் வந்தது, அப்புறம் அவன் கால்சட்டைக்குள் நட்டுகள் குலுங்கிய சத்தம் கேட்டது, எரிச்சல் போய்விட்டது. உண்மையைச் சொன்னதால் அவன் இறங்கிவிடவில்லை. ஏறுவது நின்றது, அவ்வளவுதான். இறங்கவேண்டுமானால், ஏறிய படிகளில் ஒவ்வொன்றாக இறங்கவேண்டும்.

அன்றிலிருந்து அந்த வருஷப் பாடத்தை மூடிவைத்துவிட்டு, நாலு பேரும் பின்னத்திலிருந்து ஆரம்பித்தார்கள். அரையால் வகுத்தால் விடை எப்படிப் பெரிசாகும் என்பது அவனுடைய பழைய, மிகப் பழைய சந்தேகம். சலவைக்காரர் மகள் கீழே போய் ஒரு பழைய படுக்கை விரிப்பை எடுத்துவந்து, இது நாலு முழம், அரை முழத்தில் கைக்குட்டை கிழித்தால் எத்தனை வரும் என்று கேட்டுக் கிழித்தும் காட்டினாள். அவன் கைக்குட்டைகளை எண்ணினான். எட்டாவதை எடுத்தபோது அவன் முகத்தில் ஏதோ ஒன்று அவிழ்ந்தது, அவன் ஒரு விரல் கீழே வந்தான். சலவைக்காரர் விரிப்புக்காக மகளைத் திட்டியது தனிக்கதை. மோல் என்பது ஜோடி, டஜன் மாதிரி ஓர் எண்ணிக்கையின் பெயர்தான், பூதம் ஒன்றுமில்லை என்று தெரிந்தபோது இன்னொரு விரல். மாறுதிசை மின்னோட்டம் போய்ப் போய்த் திரும்பி வந்துவிட்டால் வீட்டுக்கு எப்படி வந்துசேரும், விளக்கு எப்படி எரியும் என்று கேட்டான். இருமல் சூத்திரம் சொன்னான், அவன் அசையவில்லை. சாவிக்காரர் மகள்தான், "எங்கப்பா அரம் போடுறதப் பாத்திருக்கியா? போகுது, வருது. எங்கயாவது போய்ச் சேருதா? ஆனா சாவி சூடாகுதா இல்லையா?" என்றாள். அவன் யோசித்தான். அரம் அவன் கண்ணுக்குள் போய்வந்தது. இறங்கினான்.

ஆனால் விளக்குகிறவர்களுக்கு வேறு தொல்லை வந்தது. தலையாட்டி இப்போது தலையாட்டுவதை விட்டுவிட்டான், கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டான். ஏழெட்டு வருஷமாக முழுங்கிய கேள்விகள். மின்னோட்டம் என்றால் உள்ளே எது ஓடுகிறது என்று அவன் கேட்டதற்கு, கரண்ட்தான் ஓடுது, அதான் எனக்கு நல்லா புரிஞ்ச பாடமாச்சே என்று இருமல் சொன்னான், சொன்னவன் நாற்காலியோடு எழும்பினான். உப்பு கரைகிறபோது எங்கே போகிறது என்ற கேள்விக்கு, அது எனக்குப் புரிஞ்சதுதான் என்று சொல்லிச் சலவைக்காரர் மகள் எழும்பினாள். பிறகு ஒருவரை ஒருவர் இறக்கிவிடுவதே வேலையாகிப்போனது. இயற்பியலை வேதியியலும், வேதியியலைக் கணக்கும், கணக்கை ஒரு பழைய படுக்கை விரிப்பும் காப்பாற்றின. சாயங்காலங்களில் கீழே துணி எடுக்க வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தால், ஜன்னலுக்குள் வெண்ணிற ஆவியில் மூன்று பேர் வெவ்வேறு உயரத்தில் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள், தொட்டியில் மீன்கள்போல. ஒருவர் காலை ஒருவர் பிடித்திருப்பார்கள். பேச்சு சன்னமாக, நீருக்குள்ளிருந்து வருவதுபோல வரும். வந்தவர்கள் துணியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். சலவைக்காரர் மட்டும், யாராவது உத்தரத்தில் ஒட்டிக்கொண்டால் இறக்க வசதியாக, துணி மாட்டும் கொக்கிக் கழியை மாடிப்படியில் சாய்த்துவைத்தார்.

சாவிக்காரர் மகள் ஒரு நாளும் எழும்பவில்லை. நாற்காலியில் அழுந்த உட்கார்ந்து, மற்றவர்களைச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அதில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். நமக்கு எல்லாம் புரிந்திருக்கிறது, அதனால்தான் நாம் கீழே இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். உண்மை வேறு. அந்த அறையில் அந்த வார்த்தையை அவள் சொன்னதே இல்லை. கேட்பவள் அவள், சொல்பவர்கள் மற்றவர்கள். மற்றவர்கள் விளக்கும்போதும், அவளுக்குத் தெரியாததா என்று அவள் பதிலுக்கு யாரும் காத்திருந்ததில்லை. பள்ளியிலும் அவளிடம் யாரும் கேட்டதில்லை. விடை சரியாக இருக்கிறவளிடம் புரிந்ததா என்று எந்த ஆசிரியர் கேட்பார்?

தேர்வுக்கு முந்திய வாரம் தலையாட்டி ஏறக்குறைய தரைக்கு வந்துவிட்டான். காலுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடம்தான் பாக்கி. கடைசியாக ஒன்று இருக்கிறது என்றான். மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ்? அன்று வெக்கை அதிகம், ஆவி போக ஜன்னலை விரியத் திறந்துவைத்திருந்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே, அது விதி என்றாள். விதி தெரியும், ஏன் என்றுதான் கேட்கிறேன் என்றான். அப்படித்தான் வரும் என்றாள். ஏன் என்றான். அவள் பேனாவைத் தட்டப்போனாள், தட்டவில்லை. அவன் குத்திக்காட்டக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டான்.

"உனக்குப் புரிஞ்சுதா அது?"

"எனக்கா? எனக்கு எப்பவோ புரிஞ்சுது" என்றாள் அவள்.

சின்ன வயசிலிருந்து விடை மட்டும் தெரிந்து காரணம் தெரியாமல் விட்டதெல்லாம் ஒரே மூச்சில் அவளைத் தூக்கியது. நாற்காலி உருண்டது. தலை உத்தரத்தில் மோதி, அங்கிருந்து வழுக்கி, திறந்திருந்த ஜன்னல் வழியாக வெளியே போனாள். போகிற போக்கில் மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வையைப் பிடித்தாள், போர்வையும் கூடப் போனது. கொக்கிக் கழிக்கு எட்டவில்லை. சலவைக் கடையின் புகைபோக்கிக்கு மேலே, தபாலாபீஸ் கொடிக்கம்பத்துக்கு மேலே, அவள் போய்க்கொண்டே இருந்தாள். கடைத்தெருவில் அவள் அப்பா, போட்ட சாவியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர், அதற்கு நேர் மேலே மகள் போவதைப் பார்த்தார்.

சலவைக்காரர் மகள் அலறினாள். இருமலுக்கு மூச்சு வாங்கியது. தலையாட்டி ஜன்னல் விளிம்பில் ஏறி நின்றான். அத்தனை மாதம் பட்ட பாடு, ஒவ்வொரு விரலாக இறங்கிய உயரம், நாலு பேரின் சாயங்காலங்கள் எல்லாம் அவனுக்கு நினைவிருந்தது. அவளிடம் போய்ச்சேர அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான்.

"வெப்ப இயக்கவியல் எனக்குப் புரிஞ்சுது!" என்று கத்தினான். ஓர் ஆள் உயரம் எழும்பினான். "கரிம வேதியியல் முழுக்கப் புரிஞ்சுது!" தென்னை உயரம். "தொகை நுண்கணிதம் புரிஞ்சுது! ஒளி அலையா துகளா, அதுவும் புரிஞ்சுது!" பொய் மேல் பொய்யாக அடுக்கிக்கொண்டு, வெட்கமே இல்லாமல், அவன் வானத்தில் ஏறினான். நட்டுகள் குலுங்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை.

மேலே வெயில் மென்மையாக இருந்தது. ஊர் ஒரு விரித்த துணிபோலக் கிடந்தது, அதில் பஸ்கள் எறும்பாக ஊர்ந்தன. போர்வைக்குள் அவள் சுருண்டு அழுதுகொண்டிருந்தாள், இன்னமும் ஏறிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு நுனியைப் பிடித்து அவளை எட்டினான். சொல்லிடு, நின்னுடும் என்றான். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். வாழ்க்கையில் சொல்லாத வார்த்தை. உதடு வரை வருவதும் திரும்புவதுமாக இருந்தது. ஒரு கொக்குக் கூட்டம் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது. காற்று குளிர்ந்தது. அவன் அவசரப்படுத்தவில்லை. மேசையும் இல்லை, தட்டப் பேனாவும் இல்லை.

"எனக்குப் புரியல" என்றாள் கடைசியில், ரொம்பச் சின்னக் குரலில். "எனக்கு நெறைய புரியல."

நின்றாள். அவ்வளவு உயரத்தில், காற்றில் ஒரு போர்வையைப் பிடித்துக்கொண்டு இருவரும் நின்றார்கள். அவன் கீழே காட்டினான். அவன் அப்பாவின் பஸ், தபாலாபீஸ் பக்கமிருந்து பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அந்தக் குறுகலான தெருவில் திருப்ப இடமில்லாததால் அவர் தினமும் அப்படித்தான் வருவார். "இப்ப சரியா சலவைக் கடை வாசலத் தாண்டுது. அதான் பூஜ்யம். தபாலாபீஸ் பக்கம் பிளஸ். வண்டி ரிவர்ஸ்ல வருது, அப்ப வேகம் மைனஸ். சரியா? கொஞ்ச நேரத்துக்கு முந்தி எங்க இருந்துச்சு? முந்தின்னா நேரமும் மைனஸ்."

அவள் பஸ்ஸைப் பார்த்தாள். மனசுக்குள் அதை வந்த வழியே திரும்பப் போகவிட்டாள். "தபாலாபீஸ் பக்கம்" என்றாள். பிறகு, "பிளஸ்" என்றாள். விதி என்று அவள் அத்தனை வருஷம் தூக்கிச் சுமந்தது, ஒரு பழைய பஸ்ஸாக மாறித் தெருவில் நின்றது. அவளுக்கு ஒரே சமயத்தில் சிரிப்பும் அழுகையும் வந்தது. கனமானாள். இறங்கத் தொடங்கினாள்.

அவன் இறங்கவில்லை. புதிதாக அடுக்கிய பொய்கள் அவனை அங்கேயே நிறுத்தின. போர்வை விரைத்து இழுபட்டது. நீ போ, பரவாயில்லை என்றான். அவள் அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெப்ப இயக்கவியலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை. தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லி, குனிந்து கீழே கேட்டாள். கீழே மற்ற இருவரும் தெருத்தெருவாகக் கூடவே ஓடிக்கொண்டிருந்தார்கள், கழியையும் தூக்கிக்கொண்டு. சலவைக்காரர் மகள் கரிமச் சேர்மங்களைக் கத்தினாள். இருமல் இருமலுக்கு நடுவே வெப்பத்தைக் கத்தினான். வெந்நீரும் பச்சைத்தண்ணீரும் கலந்தபிறகு ஏன் தானாகப் பிரிவதில்லை என்று சலவைக்காரரே வாசலில் நின்று கத்தினார். மருந்துக்கடைக்காரர் ஓர் அமிலத்தின் பெயரைத் திருத்தினார். வெல்டிங் பட்டறையிலிருந்து ஒருவர் ஏணி மேல் ஏறி, உலோகத்தைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். இருட்டுவதற்கு முன்னால் இருவரும் பஸ் பணிமனைத் தகரக் கூரையில் வந்து இறங்கினார்கள். ஒளி அலையா துகளா என்பதற்கு மட்டும் ஊரில் யாரிடமும் திருப்தியான பதில் இல்லை. ஆகவே அவன் கடைசிவரை தரையிலிருந்து ஒரு விரல் உயரத்தில்தான் நின்றான். தேர்வு மைதானத்தில் மேற்பார்வையாளர் குனிந்து பார்த்தார், மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லை என்று விட்டுவிட்டார். நாலு பேரும் தேறினார்கள், யாரும் முதலாவதாக வரவில்லை.

அதன்பின் வருஷங்கள் போயின. சலவைக்காரர் மகள் சாயப்பட்டறையில் சேர்ந்தாள். இருமல் மலையோர ஊருக்குப் போய் மின்நிலையத்தில் வேலை பார்த்தான், அங்கே இருமல் நின்றுவிட்டது, பெயர் நிற்கவில்லை. சாவிக்காரர் மகள் பாலங்களின் பலத்தைச் சோதிக்கும் அலுவலகத்தில் அதிகாரியானாள். அவளும் டிரைவர் மகனும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர்கள் வீட்டில் சண்டை நீளமாக நடக்கும், ஏனென்றால் இருவராலுமே பாதியில் 'சரி, புரிஞ்சுது' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

சாவிக்காரர் ஒரு மழைக்காலத்தில் காலமானார். முந்தினநாள்வரை கடை திறந்திருந்தார். மகள் கூடத்துத் தரையில், சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள், அழுகை வரவில்லை. ஊரே வந்தது. நல்ல மனிதர்கள்தான். வந்தவர்கள் ஒவ்வொருவராக அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உன் வருத்தம் எனக்குப் புரியுதும்மா என்றார்கள், சொன்னவர்கள் மெல்ல எழும்பினார்கள். அலுவலக மேலாளர் ஜன்னல் உயரத்தில் நின்றார். பக்கத்து வீட்டு அம்மா மின்விசிறிக்குத் தள்ளி, குடையோடு மிதந்தாள். மருந்துக்கடைக்காரர் உத்தரத்தைத் தொட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். நனைந்த காலணிகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. துக்க வீட்டில் அப்படி நடப்பது அந்த ஊருக்குப் புதிசும் இல்லை. டிரைவர் மகன் வந்து அவள் பக்கத்தில், தன் வழக்கமான ஒரு விரல் உயரத்தில் உட்கார்ந்தான். அவள் கையைப் பிடிக்கவில்லை. தலையாட்டவும் இல்லை.

"எனக்குப் புரியல" என்றான். "எனக்கு எங்கப்பா இருக்காரு. உனக்கு இப்ப எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியல. சொல்லு."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு, ஆரம்பத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். மேலே இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மழை வலுத்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் பலபேர் தரைக்கு வந்திருந்தார்கள், சிலர் நடுவழியில் இருந்தார்கள், ஒருவருக்கும் கிளம்ப அவசரம் இல்லை.